சயனைடு: எங்கே விஷம், எங்கே வெறும் பெயர்

எங்கள் பெங்களூர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ அவ்வப்போது சுற்றி வரும். கடையில் வாங்கும் பொடியுப்பில் சயனைடு கலக்கிறார்கள், வேண்டுமானால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள் என்று ஒருவர் பதறிப் பதறிப் பேசுவார். போன தடவை அது வந்தபோது எதிர்வீட்டு அக்கா உப்பு பாக்கெட்டோடு வந்துவிட்டார். "தம்பி, நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவனாச்சே, இது என்னன்னு பாரேன்." பாக்கெட்டின் பின்பக்கம், தயாரிப்பாளர் முகவரிக்கு மேலே, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், உப்பு கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருள் ஐ.என்.எஸ். 536 என்று போட்டிருந்தது.

அந்த 536 என்பது பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. பெயருக்குள்ளேயே சயனைடு உட்கார்ந்திருக்கிறது. வீடியோக்காரர் சொன்னதில் அது மட்டும் உண்மை. ஆனால் அந்த உப்பைப் போட்டுத் தாராளமாகச் சமைக்கலாம் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால் சயனைடு என்ற சொல் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கார்பன் அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கோர்த்து நிற்கின்றன. அந்த ஜோடி ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும்போது அதற்குச் சயனைடு என்று பெயர். வேதியியலில் சயனைடு என்றால் இவ்வளவுதான். இந்த ஜோடி தனியாக டப்பாவில் கிடைக்காது. எப்போதும் இன்னொன்றோடு சேர்ந்தே இருக்கும். சோடியத்தோடு சேர்ந்தால் சோடியம் சயனைடு, பொட்டாசியத்தோடு சேர்ந்தால் பொட்டாசியம் சயனைடு. இரண்டும் வெள்ளை நிறத் திடப்பொருள்கள். ஹைட்ரஜனோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு. இது 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பெங்களூரின் சாதாரண பகல் வெயிலுக்கே ஆவியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, சயனைடு என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் யார் ஆபத்து, யார் ஆபத்தில்லை என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: அந்த ஜோடியை இன்னொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது? சோடியமும் பொட்டாசியமும் தண்ணீர் பட்டதும் கையை விட்டுவிடும். ஜோடி வெளியே வந்துவிடும். ஃபெர்ரோசயனைடில் நடப்பது வேறு. நடுவில் ஓர் இரும்பு அணு, அதைச் சுற்றி ஆறு சயனைடு ஜோடிகள். இரும்பு அவற்றை விடுவதே இல்லை. தண்ணீரில் கரைத்தாலும் அந்த ஏழும் ஒரே கூட்டமாகத்தான் மிதக்கும். கட்டிப்போட்ட நாய்க்கும் அவிழ்த்துவிட்ட நாய்க்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வயிற்றுக்குள் போன ஃபெர்ரோசயனைடும் பெரும்பாலும் உடையாமல் வெளியேறிவிடுகிறது. அடுப்புச் சூட்டில் உடைந்துவிடாதா என்று அக்கா கேட்டார். அது சிதைய ஏறக்குறைய 400 டிகிரி வேண்டும். கொதிக்கும் சாம்பார் 100 டிகிரியைத் தாண்டாது.

அளவையும் பார்த்துவிடலாம். இந்திய விதிப்படி ஒரு கிலோ உப்பில் 10 மில்லிகிராமுக்கு மேல் இதைச் சேர்க்கக் கூடாது. ஒருவர் நாளுக்கு 10 கிராம் உப்பு தின்கிறார் என்று வைத்தால்கூட, அதுவே அதிகம், உள்ளே போவது 0.1 மில்லிகிராம். உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு 1.5 மில்லிகிராம் ஆகிறது. உப்பில் வருவது அதில் பதினைந்தில் ஒரு பங்கு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டியது சோடியத்துக்காக. 536-க்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வந்த கதையும் இரும்பில்தான் தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு சாயத் தயாரிப்பாளரின் கைக்கு எதிர்பாராமல் ஓர் அடர்நீல நிறம் கிடைத்தது. பிரஷ்யன் நீலம் என்று அது புகழ்பெற்றது. 1782-ல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே அந்த நீலத்திலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நீலத்திலிருந்து வந்ததால், அடர்நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான குவானோஸ் அதன் பெயருக்கு வேரானது. 1815-ல் பிரான்சின் கே-லுசாக் அதற்குள் கார்பனும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதை உறுதிசெய்தார். பழைய கட்டட வரைபடங்களை புளூபிரிண்ட் என்கிறோமே, அந்த நீலமும் இதே பிரஷ்யன் நீலம்தான். அதிலும் சயனைடு உண்டு, அங்கேயும் இரும்பு அதை இறுகப் பிடித்திருக்கிறது. பிடிப்பு அவ்வளவு நம்பகமானது என்பதால் பிரஷ்யன் நீலம் இன்று மருந்தாகவே பயன்படுகிறது. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றிலிருந்து கதிரியக்க சீசியம் வெளியேறி மக்களைப் பாதித்தது. உடலுக்குள் போன சீசியத்தை வெளியே கொண்டுவர மருத்துவர்கள் கொடுத்தது பிரஷ்யன் நீலம்.

சரி, அவிழ்ந்த சயனைடு உடம்பில் என்ன செய்கிறது?

நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்சிஜன் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தம் அதை ஒவ்வொரு செல்லுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு அந்த ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலைப் பிரிக்கிறது. அந்த வேலையின் கடைசிப் படியில் ஒரு நொதி இருக்கிறது, அதற்குள் ஓர் இரும்பு அணு இருக்கிறது. ஆக்சிஜன் வந்து சேர வேண்டிய இடம் அது. சயனைடுக்கு இரும்பு என்றால் அவ்வளவு ஈர்ப்பு. ஆக்சிஜனுக்கு முன்னால் போய் அந்த இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் செல்லால் அதைத் தொட முடியாது. அதனால்தான் சயனைடு தாக்கியவரின் உடல் உடனே நீலம் பாரிப்பதில்லை. செல்கள் எடுத்துக்கொள்ளாத ஆக்சிஜன் அப்படியே திரும்பி வருவதால் சிரை இரத்தம்கூடப் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். ஆற்றல் அதிகம் தேவைப்படும் மூளையும் இதயமும் முதலில் தடுமாறும்.

உப்புக்கு இரும்பு காவலாக இருந்தது, உடலுக்குள் அதே இரும்பின் மேல்தான் விஷம் போய் உட்காருகிறது. வேதியியல் படித்த காலத்திலிருந்து என்னை வியக்க வைப்பது இந்த இடம்தான்.

உடலும் சும்மா இருப்பதில்லை. கல்லீரலில் ரோடனீஸ் என்ற நொதி, கந்தகத்தைச் சேர்த்துச் சயனைடைத் தயோசயனேட் ஆக மாற்றிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். ஆப்பிள் விதை ஒன்றிரண்டு தெரியாமல் கடிபட்டால் எதுவும் ஆகாமல் இருப்பது இப்படித்தான். அந்த விதையில் அமிக்டலின் என்ற சயனைடு தரும் பொருள் இருக்கிறது. சிறிய அளவு மெதுவாக வந்தால் கல்லீரல் சமாளிக்கும். பெரிய அளவு ஒரேயடியாக வந்தால் கல்லீரலுக்கு நேரமும் கிடையாது, கந்தகமும் போதாது.

சயனைடுக்குக் கசப்பு வாதுமைக்கொட்டையின் வாசனை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வரும், ஆனால் அந்த வாசனையை உணரும் திறன் பிறவியிலேயே பலருக்கு இல்லை. வாசனை இல்லை, அதனால் ஆபத்தில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்தச் சொல் பாடப்புத்தகத்தில் அறிமுகமானதல்ல. எங்களில் பலருக்கு வேர் கோலார் தங்கவயலில் இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள், சுரங்கம் தளர்ந்த பிறகு பெங்களூருக்கு வந்தன. இன்னும் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி வந்து, இங்கே வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். என் தாத்தாவும் அங்கே மில்லில் வேலை பார்த்தவர்தான். தங்கவயலில் மில் என்றால் நெல் மில் அல்ல, பாறையை அரைக்கும் மில்.

ஊரைச் சுற்றி மலை மாதிரி நிற்கும் மண்மேடுகளுக்கு அங்கே சயனைடு டம்ப் என்றுதான் பெயர். குழந்தைகள்கூட அப்படித்தான் சொல்லும். மேட்டில் ஏறி ஒரு பிடி அள்ளிப் பார்த்தால், மணல் என்று சொல்ல மனம் வராது. கோதுமை மாவு போல விரலிடுக்கில் வழியும். மழை பெய்து காய்ந்தால் மேல்பக்கம் அப்பளம் போல ஒரு பொருக்கு தட்டும், கால் வைத்தால் நொறுங்கும். கோடையில் காற்று கிளம்பினால் அந்த மாவு எழுந்து வந்து கொடியில் காயும் துணியிலும் மூடாத குழம்பிலும் படியும். எங்கள் ஆயா கோடைக்காலத்தில் மேற்குப்பக்க ஜன்னலைத் திறந்ததே இல்லை.

சயனைடு அங்கே எப்படி வந்தது? தங்கப் பாறையில் தங்கம் கட்டிகட்டியாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கும். பாறையை மாவாக அரைத்து, பாதரசத்தின் மேல் ஓடவிட்டால் ஒரு பகுதித் தங்கம் பாதரசத்தோடு ஒட்டும். மிக நுண்ணிய துகள்கள் தண்ணீரோடு ஓடிப்போய்விடும். 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மக்ஆர்தர் என்ற வேதியியலாளரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார்கள். தங்கத்தை எந்தச் சாதாரண அமிலமும் கரைக்காது. ஆனால் மிக நீர்த்த சயனைடு கரைசல், கூடவே காற்றிலுள்ள ஆக்சிஜன், இரண்டும் சேர்ந்தால் தங்கம் கரைந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு வலுகூட வேண்டாம், அதற்கும் குறைந்த கரைசலே போதும். கரைந்த தங்கத்தை வடித்து, துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் கறுப்புச் சேறாக அடியில் படியும். அதை உருக்கினால் மஞ்சள் கட்டி. 1890-களில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களை இந்த முறைதான் தூக்கி நிறுத்தியது. கோலாரும் இதே முறையைக் கையில் எடுத்தது. 120 ஆண்டுகளில் தங்கவயல் தந்த சுமார் 800 டன் தங்கத்தில் ஒரு பகுதி இந்தக் கரைசலில் குளித்து வந்ததுதான்.

இந்த முறையில் சுண்ணாம்புக்கு முக்கியமான வேலை உண்டு. சயனைடு கரைசலில் அமிலத்தன்மை ஏறினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பிவிடும். அதைத் தடுக்கத் தொட்டியில் எப்போதும் சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையில் வைத்திருப்பார்கள். தாத்தா பக்கெட்டில் சுண்ணாம்பு கரைத்த கதைகளைச் சொல்வாரே தவிர, அது ஏன் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தொழிலாளிக்குத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை. அது அன்று நடக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

28 பிப்ரவரி 2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. கோடிக்கணக்கான டன் அரைத்த மாவு மேடுகளாக அங்கேயே நிற்கிறது. அதில் இன்னும் சயனைடு இருக்கிறதா? கட்டவிழ்ந்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் நிலைக்காது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சிதையும், கொஞ்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். இரும்போடு சேர்ந்துகொண்ட பகுதி மட்டும் நெடுங்காலம் தங்கும். அதனால் சயனைடு டம்ப் என்ற பெயர், அங்கே என்ன வேலை நடந்தது என்பதைச் சொல்கிறதே ஒழிய, மேடு முழுக்கச் சயனைடு என்று சொல்லவில்லை. அங்கே வாழ்கிறவர்கள் பயப்பட வேண்டியது முதலில் அந்த மாவுத் தூசிக்குத்தான். அரைத்த பாறையின் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், அது திரும்பப் போகாது. சுரங்கத் தொழிலாளர்கள் எத்தனையோ பேரின் ஆயுளைக் குடித்தது அதுதான். பெயர் பெரிதாக மிரட்டுவதால் தூசியின் ஆபத்து பின்னுக்குப் போய்விடுகிறது. மேடுகளில் மரமோ புல்லோ நட்டு மண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்த ஊருக்குச் செய்ய வேண்டிய முதல் உதவி.

சயனைடு கரைசல் அவிழ்ந்து ஆற்றில் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு ஜனவரி 30 சாட்சி. ருமேனியாவின் பயா மாரே ஊரில் தங்கக் கழிவை மீண்டும் பிரிக்கும் ஆலையின் தேக்கக்கரை உடைந்தது. சயனைடு நீர் டிசா ஆற்றில் இறங்கி, ஹங்கேரியைத் தாண்டி டான்யூப் வரை போனது. மீன்கள் டன் டன்னாகச் செத்து மிதந்தன. கர்நாடகத்தில் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி சுரங்கத்தில் இன்றும் சயனைடு முறையில்தான் தங்கம் எடுக்கிறார்கள். கழிவுக்குட்டையின் கரை அங்கே எப்படி இருக்கிறது என்பது கிருஷ்ணா ஆற்றுப் படுகையில் வாழும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

சுரங்கத்தை விடுங்கள், சமையலறைக்கு வருவோம். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் மரவள்ளிக்கிழங்கு குவித்து வைத்திருப்பார்கள். கன்னடத்தில் மரகெணசு. அந்தக் கிழங்கிலும் அதன் இலையிலும் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அதே செடியில், வேறு அறையில், ஒரு நொதி இருக்கிறது. கிழங்கு முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. வெட்டினாலோ நசுக்கினாலோ அறைகள் உடைந்து இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். பூச்சியையும் எலியையும் விரட்ட அந்தச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது.

எங்கள் வீட்டில் செய்வது இப்படி. மேல்தோலைச் சுரண்டினால் போதாது, அதற்கடியில் இளஞ்சிவப்பாக ஒரு தடித்த பட்டை இருக்கும், அதையும் கத்தியால் நெம்பி உரித்துவிட வேண்டும். விஷம் அதிகம் அங்கேதான். அப்புறம் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டால் நொதி உடனே செத்துப்போகும், லினமரின் உடையாமல் கிழங்கிலேயே தங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் நொதி தன் வேலையைச் செய்து முடிக்கும், வந்த வாயு ஆவியோடு போய்விடும். வடிக்கிற தண்ணீரில் மிச்சமும் கரைந்து போகும். கடித்ததும் கசந்தால் அந்தத் துண்டைத் தின்னக் கூடாது. பச்சைக் கிழங்கைக் குழந்தைகள் கடிக்க விடவே கூடாது. ஜவ்வரிசியைப் பற்றிக் கவலை வேண்டாம். சேலத்து ஆலைகளில் கிழங்கை அரைத்து, மாவைத் தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்துத்தான் ஜவ்வரிசி செய்கிறார்கள்.

இந்த வேலைகளைச் செய்ய நேரமோ தண்ணீரோ இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்கா பார்த்திருக்கிறது. மொசாம்பிக்கிலும் காங்கோவிலும் பஞ்ச காலங்களில், சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை மட்டுமே வாரக்கணக்கில் தின்ற மக்களுக்குக் கால்கள் இரண்டும் திடீரென்று விறைத்துச் செயலிழந்தன. கொன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் குழந்தைகளும் பெண்களும். பருப்போ மீனோ கிடைக்காததால் சயனைடை முறிக்கத் தேவையான கந்தகமும் அவர்கள் உடலில் இல்லை. வறுமைதான் அங்கே விஷத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது.

மழைக்காலத்தில் குடகுப் பக்கமிருந்து பெங்களூர் சந்தைக்கு வரும் மூங்கில் குருத்திலும், கன்னடத்தில் களலே என்பார்கள், இதே கதைதான். அதை நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத்தான் சமைக்கிறார்கள். இளஞ்சோளப் பயிரை, அதுவும் வறட்சியில் வாடி மழை பெய்ததும் துளிர்த்ததை, மாடு மேய்ந்தால் செத்துப்போகும் என்பது ஓசூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நகர்ப்புறத் தொழில்களில் சயனைடு அதிகம் புழங்குவது முலாம் பூசும் இடங்களில். நகரத்பேட்டையின் நகைப் பட்டறைகளிலும் பீன்யாவின் தொழிற்கூடங்களிலும் தங்க முலாம், வெள்ளி முலாம் வேலைகள் நடக்கின்றன. அதற்குரிய கரைசல்களில் பலவற்றில் சயனைடு உண்டு. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சயனைடு கரைசலும் அமிலமும் ஒரே அலமாரியில், ஒரே வாளியில், ஒரே சாக்கடையில் சந்திக்கவே கூடாது. கழிவைக் காரத்தன்மையில் வைத்துக் குளோரின் சேர்மத்தால் உடைத்த பிறகுதான் வெளியே விட வேண்டும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

பலரும் நினைத்துப் பார்க்காத இன்னோர் இடம் தீவிபத்தின் புகை. சோபாவின் ஃபோம், மெத்தை, அக்ரிலிக் ஸ்வெட்டர், ஏன், பட்டும் கம்பளியும்கூட, நைட்ரஜன் உள்ள பொருள்கள். அவை எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். 23 பிப்ரவரி 2010 அன்று பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்து, புகை மாடிகளுக்கு ஏறி, 9 உயிர்கள் போயின. அதற்குப் பிறகு அடுக்குமாடிகளின் தீப்பாதுகாப்பைப் பற்றி இந்த நகரம் நிறையப் பேசியது. படிக்கட்டில் பழைய மெத்தையும் அட்டைப்பெட்டியும் அடுக்கி வைப்பவர்களிடம் நான் இன்றும் சண்டை போடுகிறேன். புகைக்குள் மாட்டிக்கொண்டால் குனிந்து, தரையோடு தரையாக வெளியேற வேண்டும்.

மருந்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. சோடியம் தயோசல்பேட் என்ற ஊசி, கல்லீரலின் நொதிக்குத் தேவையான கந்தகத்தைக் கொடுக்கிறது. ஹைட்ராக்சோகோபாலமின் இன்னொரு மருந்து. அதன் நடுவில் உள்ள கோபால்ட் அணு சயனைடைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அது சயனோகோபாலமின் ஆகிவிடும், அதாவது வைட்டமின் பி12. வயதானவர்கள் தினமும் போடும் அதே பி12 மாத்திரை. விஷம் வைட்டமினாக மாறிச் சிறுநீரில் போய்விடுகிறது. யாருக்காவது சயனைடு பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் அவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து, நனைந்த துணியைக் கையுறையோடு கழற்றி, 108-ஐ அழைக்க வேண்டும். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதக் கூடாது, ஊதுகிறவருக்கும் விஷம் ஏறும்.

தமிழில் இந்தச் சொல்லுக்குச் சாவின் நிழல் படிந்திருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஈழப்போர்ச் செய்திகளில் சயனைடு குப்பி என்ற சொற்றொடரை வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1991 ஆகஸ்டில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தேடப்பட்டவர்கள் பெங்களூர் கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் இறந்து கிடந்த செய்தி வந்தபோது அந்தச் சொல் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. அதோடு சினிமாவும் சேர்ந்து, அது ஏதோ அமைதியான முடிவு என்ற எண்ணத்தை விதைத்துவிட்டது. அது அப்பட்டமான பொய். மூச்சுத் திணறலும் வலிப்பும் கொண்ட கொடுமை அது. மனம் அந்தப் பக்கம் இழுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவியை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, எழுதும்போதும் வாசிக்கும்போதும் குழப்பும் சொற்கள். பேச்சில் சைனைடு என்போம், எழுத்தில் சயனைடு என்பதே நிலைத்திருக்கிறது. பழைய தமிழில் கனிம நஞ்சுகளுக்குப் பாஷாணம் என்ற பொதுப்பெயர் உண்டு. வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக் சேர்மம், அதற்கும் சயனைடுக்கும் தொடர்பில்லை. அச்சகத்தில் சொல்லும் சயான் மை, ஏரிப் பாசியான சயனோபாக்டீரியா, குழந்தையின் உதடு நீலம் பாரித்தால் மருத்துவர் எழுதும் சயனோசிஸ், மூன்றும் நீலத்தைக் குறிக்கும் கிரேக்க வேரில் பிறந்தவை, சயனைடு அவற்றில் இல்லை. உடனே ஒட்டும் பசையான சயனோஅக்ரிலேட்டில் அந்த ஜோடி உண்டு, ஆனால் அது கார்பனோடு இறுகக் கட்டுண்டது.

இவை எல்லாவற்றிலும் பெரிய விலை கொடுக்க வைத்த குழப்பம் போபாலில் நடந்தது. 1984 டிசம்பர் 2 இரவு அங்கே கசிந்தது மீதைல் ஐசோசயனேட். ஐசோசயனேட்டில் கார்பன், நைட்ரஜன் இரண்டோடும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கிறது. அது தாக்குவது முதலில் கண்ணையும் நுரையீரலையும். சயனைடு தாக்கும் வழி வேறு. ஆனால் இறந்தவர்கள் சிலரின் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருந்ததைப் பார்த்த மருத்துவர்கள், கசிந்த வாயுக்களோடு சயனைடும் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகித்தார்கள். அப்படியானால் தயோசல்பேட் ஊசி உதவும். இல்லை, சயனைடே கிடையாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-ல் அந்த ஊசிக்கு ஆதரவாக நின்ற பிறகும் சண்டை ஓயவில்லை. ஊசி கேட்டு வரிசையில் நின்றவர்களுக்கு, தங்கள் நுரையீரலுக்குள் போனது இந்த இரண்டு சொற்களில் எது என்று தெளிவாகச் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.